‘மிரட்டினார்’ என்பதை ஆங்கிலத்தில் எழுத எந்தச் சொல்?

புகார் மனுக்களையும் அலுவலகக் கடிதங்களையும் ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் வேலை. எழுத வருபவர்களில் பலர் ஓர் இடத்துக்கு வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மிரட்டினார்னு போடணும், இங்கிலீஷ்ல எதைப் போடறது?” அகராதியைத் திறந்தால் த்ரெட்டன், இன்டிமிடேட், ஸ்கேர், ஃப்ரைட்டன், டெரிஃபை என்று வரிசையாக நிற்கும். எல்லாவற்றுக்கும் எதிரே ‘பயமுறுத்து’ என்றுதான் போட்டிருக்கும். அதை நம்பி ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு பெண்ணின் விஷயத்தில் பார்த்துவிட்டேன்.

அவர் வாடகை வீட்டில் இருந்தார். காலி செய்வதாகச் சொல்லி அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்காரர் மாடியேறி வருவார். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், திறந்திருக்கும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். விரலில் சாவிக்கொத்தைச் சுழற்றியபடி உள்ளே பார்ப்பார். பத்து நிமிடம் கழித்து இறங்கிப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எட்டு நாள் இப்படி. “மிரட்டுறாருங்க” என்றார் அந்தப் பெண். நான் த்ரெட்டன் என்ற சொல்லைப் போட்டுக் கடிதத்தை முடித்துவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து வந்த பதிலில் முக்கியமான வரி ஒன்றே ஒன்றுதான். எந்தத் தேதியில், எந்த வார்த்தைகளைச் சொல்லி என் கட்சிக்காரர் மிரட்டினார் என்று தெரிவிக்கவும். அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. நடந்தது அத்தனையும் உண்மை. நான் போட்ட ஒரு சொல் அதைப் பொய்போல ஆக்கிவிட்டது.

அங்கே வந்திருக்க வேண்டிய சொல் இன்டிமிடேட். இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் அதிக இடம் தரப்போகிறேன்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

தமிழில் மிரள் என்பதிலிருந்து மிரட்டு வந்தது. வெருள் – வெருட்டு, மருள் – மருட்டு போல. மாடு மிரளும், மாட்டை மிரட்டுவோம். ஆனால் ‘எவ்வளவோ மிரட்டிப் பார்த்தான், அவள் மிரளவே இல்லை’ என்றும் சொல்கிறோம். பேசி மிரட்டினாலும் பேசாமல் மிரட்டினாலும், எதிராளி பயந்தாலும் பயப்படாவிட்டாலும் நமக்கு ஒரே சொல் போதும். ஆங்கிலம் இதைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. எனவே சொல்லைத் தேடுவதற்கு முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும்.

இன்னது செய்துவிடுவேன் என்று அவர் சொன்னாரா, அல்லது சைகையிலாவது காட்டினாரா? எதிராளி உண்மையிலேயே பயந்தாரா? ஏதோ ஒன்றைச் செய்ய வைக்க, அல்லது செய்யவிடாமல் தடுக்க அவர் இதைச் செய்தாரா? பயம் எவ்வளவு பெரியது: ஒரு நொடித் திடுக்கிடலா, தூக்கத்தைக் கெடுத்ததா?

| சொல் | ‘இன்னது செய்வேன்’ என்பது வேண்டுமா? | எதிராளி பயந்திருக்க வேண்டுமா? | நோக்கம் | அருகில் வரும் தமிழ் |
|---|---|---|---|---|
| த்ரெட்டன் | வேண்டும் | தேவையில்லை | உண்டு | மிரட்டு |
| இன்டிமிடேட் | தேவையில்லை | பெரும்பாலும் ஆம் | பணியவைப்பது. நோக்கமே இல்லாமலும் வரும் | உருட்டி மிரட்டு |
| ஸ்கேர், ஃப்ரைட்டன் | தேவையில்லை | கட்டாயம் | இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் | பயமுறுத்து |
| டெரிஃபை | தேவையில்லை | கட்டாயம், கடுமையாக | இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் | குலைநடுங்க வை |
| பிளாக்மெயில் | வேண்டும் | தேவையில்லை | பணமோ காரியமோ பறிப்பது | ரகசியத்தை வைத்து மிரட்டு |
| டான்ட் | பொருந்தாது | மனம் தளர்ந்திருக்க வேண்டும் | பெரும்பாலும் இல்லை | மலைக்க வை |

இன்டிமிடேட்

லத்தீனில் டிமிடஸ் என்றால் அஞ்சுகிறவன், கூச்சமுள்ளவன். டிமிட் என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேர். ஆகவே இன்டிமிடேட் என்பதன் அடியில் கிடக்கும் பொருள், ஒருவரை அஞ்சுகிறவராக ஆக்கிவிடுவது. ஆங்கிலத்துக்கு இது 17ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாவது அசையில், ‘டி’யில் விழும்.

இந்தச் சொல்லின் குறி பயத்தோடு நிற்பதில்லை. எதிராளி குறுகிப் போக வேண்டும், வாயை மூட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், வழக்கை வாபஸ் வாங்க வேண்டும். சாட்சிகளை மிரட்டிக் கலைப்பதையும் வாக்காளர்களை வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாமல் செய்வதையும் ஆங்கிலத்தில் இன்டிமிடேஷன் என்று சொல்வது இதனால்தான். வீட்டெதிரே நாலு பைக்கை நிறுத்திக்கொண்டு ஆறு பேர் சும்மா உட்கார்ந்திருப்பது, மேலதிகாரி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு நகராமல் இருப்பது, சிறிய ஆளுக்குப் பெரிய நிறுவனம் நோட்டீஸ் மேல் நோட்டீஸாக அனுப்புவது: இவற்றில் எதிலும் ‘உன்னை இப்படிச் செய்வேன்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்த இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இல்லை.

வாக்கியத்தில் வைக்கும் முறையும் முக்கியம். யாரை என்பது இன்டிமிடேட்டுக்கு அடுத்து நேராக வர வேண்டும். எதைச் செய்ய வைத்தார் என்பது ‘இன்டு’ போட்டு வரும்: ‘ஹி இன்டிமிடேட்டட் ஹெர் இன்டு சைனிங்’, அதாவது மிரட்டிக் கையெழுத்து வாங்கினார். ‘கொன்றுவிடுவதாக மிரட்டினார்’ என்பதற்கு ‘இன்டிமிடேட்டட் டு கில்’ என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். அது ஆங்கிலமே இல்லை. அங்கே த்ரெட்டன்தான் வரும்.

இனி, இந்தச் சொல்லுக்கு நாம் கொடுக்கும் விலை.

இன்டிமிடேட்டுக்குக் குற்றமே இல்லாத ஒரு பயன்பாடும் உண்டு. ‘அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டதும் எனக்கு வாயே வரவில்லை’ என்பதற்கும் இதே சொல்லைப் போடுவார்கள். அங்கே அவர் ஒரு தப்பும் செய்யவில்லை; நமக்குத்தான் உள்ளே ஒடுங்கிப்போனது. நிமிர்ந்து பேசும் பெண்களைப் பற்றி ‘இன்டிமிடேட்டிங்’ என்று சொல்லிவிட்டுப் போவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவரின் கூச்சத்தை அந்தப் பெண்ணின் குணமாக மாற்றிவிடுவது அது. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. இதனால் கடிதத்தில் ‘ஐ ஃபெல்ட் இன்டிமிடேட்டட்’ என்று மட்டும் எழுதினால், ‘அது உங்கள் உணர்வு, நாங்கள் அப்படி எதுவும் செய்யவில்லையே’ என்று ஒரே வரியில் பதில் வரும். ‘ஹி இன்டிமிடேட்டட் மி’ என்று எழுவாயில் அவரை நிறுத்துங்கள். அடுத்த வரியிலேயே தேதி, நேரம், அவர் நின்ற இடம், கையில் இருந்த பொருள் எல்லாம் வரட்டும்.

அடுத்தது, பக்கத்து வீட்டுச் சொல் ஒன்று. நம் அலுவலக ஆங்கிலத்தில் ‘தெரிவிக்கவும்’ என்பதற்கு இன்டிமேட் என்று எழுதுவது வழக்கம். வங்கிக் கடிதங்களில் இன்டிமேஷன் என்று வருவது அதுதான். அது ‘உள்ளார்ந்த’ என்ற பொருள் கொண்ட வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது. நடுவில் ‘ஐ’, ‘டி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்து கூடிவிட்டால், ‘தேதியை எனக்குத் தெரிவியுங்கள்’ என்பது ‘என்னை மிரட்டுங்கள்’ என்று ஆகிவிடும். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் கடிதங்களில் இதைத் திருத்தியிருக்கிறேன். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் இதைப் பிடிக்காது, இரண்டுமே சரியான சொற்கள் என்பதால்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது. சட்டத்தில் இந்தச் சொல்லின் பொருள் சுருங்கிவிடுகிறது.

காவல் நிலையத்துக்குப் போகும் மனு என்றால்

கிரிமினல் இன்டிமிடேஷன் என்ற குற்றம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 503ஆம் பிரிவு, தண்டனை 506இல். செய்தித்தாளில் ‘506(2)’ என்று பார்த்துப் பழகிய எண் அதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 351ஆம் பிரிவு. உடலுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ தீங்கு செய்வதாக ஒருவரை மிரட்ட வேண்டும். அவரைக் கலவரப்படுத்தவோ, அவர் செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்ய வைக்கவோ, அவருக்கு உரிமையுள்ள ஒன்றைச் செய்யாமல் தடுக்கவோ அந்த மிரட்டல் இருக்க வேண்டும். சாதாரண மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொலை மிரட்டல், கொடுங்காய மிரட்டல் என்றால் ஏழு ஆண்டு வரை.

கவனித்தீர்களா? பிரிவின் தலைப்பில் இன்டிமிடேஷன் இருக்கிறது. உள்ளே வரையறையைத் தொடங்கும் வினைச்சொல் த்ரெட்டன். பேச்சு வழக்கில் வாயைத் திறக்காமலே இன்டிமிடேட் செய்யலாம். சட்டத்தில் என்ன தீங்கு என்பது தெரிந்தாக வேண்டும். எனவே போலீஸ் மனுவில் ஆங்கிலச் சொல்லைத் தேடி அலைய வேண்டாம். அவர் சொன்ன வார்த்தைகளை, சொன்ன தமிழிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். ‘நாளைக்கு உன் கடை இருக்காது’ என்றால் அதை அப்படியே. கெட்ட வார்த்தை இருந்தாலும் அப்படியே. மொழிபெயர்க்கும்போதுதான் மிரட்டல் நீர்த்துப்போகிறது.

வேறு இரண்டு சட்டங்களில் இந்தச் சொல் அகலமாக உட்கார்ந்திருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பெண்ணின் வேலைச் சூழலை ‘இன்டிமிடேட்டிங்’ ஆக்குவதையும் கணக்கில் எடுக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, பொதுப் பார்வையில் படும் இடத்தில் அவமானப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவுசெய்வதையும் இன்டிமிடேட் செய்வதையும் குற்றமாக்குகிறது. இந்த இரண்டு சூழல்களில் எழுதுகிறவர்கள் தயங்காமல் இதே சொல்லைப் பயன்படுத்தலாம். சட்டத்தின் சொல்லே அதுதான்.

த்ரெட்டன்

சொன்னார், அல்லது சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டினார் என்றால் இதுதான். கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தால் அதுவும் சேரும். எதிராளி பயந்தாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. ‘த்ரெட்டன் செய்தான், நான் சட்டை பண்ணவில்லை’ என்று தாராளமாக எழுதலாம். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்குக் கூட்டம், பிறகு நெருக்குதல் என்றெல்லாம் பொருள் இருந்தது. ஆட்கள் வந்து நெருக்குவதில்தான் இந்தச் சொல் பிறந்திருக்கிறது.

என்ன செய்வதாக மிரட்டினார் என்பது ‘டு’ போட்டு வரும், எதைக் காட்டி மிரட்டினார் என்பது ‘வித்’ போட்டு வரும். மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தால் நாம் ‘மழை மிரட்டுது’ என்போம். ஆங்கிலத்திலும் வானம் த்ரெட்டன் செய்யும். இந்த ஓர் இடத்தில் இரண்டு மொழியும் கைகோத்துக்கொள்கின்றன.

இதன் விலையை மேலே பார்த்தோம்: எந்த வார்த்தை, எந்தத் தேதி என்று கேள்வி வரும். இன்னொன்றும் உண்டு. அலுவலக மின்னஞ்சலில் இந்தச் சொல் விழுந்துவிட்டால் பேச்சுவார்த்தைக்கான கதவு ஏறக்குறைய சாத்தப்படும். மேலாளர் ‘லீவு எடுத்தால் அப்ரைசலில் பார்க்கலாம்’ என்று சொன்னால் அது மிரட்டல்தான். ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் மேற்கோளாக எழுதி, அதற்குப் பெயர் வைக்காமல் விடுவது பல நேரம் பலமானது. படிக்கிறவர் தானே பெயர் வைத்துக்கொள்வார்.

ஸ்கேர், ஃப்ரைட்டன்

இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஸ்கேர் அன்றாடப் பேச்சு. ஃப்ரைட்டன் கொஞ்சம் எழுத்து நடை. நாய் குரைத்தது, பட்டாசு வெடித்தது, குழந்தை பள்ளிக்கூடம் போகப் பயந்து அழுகிறது என்பவற்றுக்கு இவை போதும். எதிராளி பயந்தே இருக்க வேண்டும். பயப்படாத ஆளை ஃப்ரைட்டன் செய்ததாக எழுதினால் வாக்கியம் தன்னையே மறுக்கும்.

மறைந்திருக்கும் ஆபத்து, சொல் சிறியது என்பதுதான். வேன் ஓட்டுநர் உங்கள் பையனை ‘இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்’ என்று தினமும் சொல்கிறார் என்றால், பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் ஸ்கேர் போடாதீர்கள். இருட்டில் ‘பே’ என்று கத்திய விளையாட்டுபோலப் படிக்கப்படும். அங்கே ஓட்டுநர் செய்தது த்ரெட்டன், பையனுக்கு நேர்ந்தது ஸ்கேர். இரண்டு வாக்கியமாக எழுதுங்கள்.

டெரிஃபை

கத்தி, தீ, விபத்து, ராத்திரி கதவை உடைக்கும் சத்தம். இந்த அளவுக்கு மட்டும். லத்தீனில் நடுங்கவைப்பதைக் குறிக்கும் வேர் இது. டெரர் அதிலிருந்து வந்தது. டிட்டர் என்பதும் அந்த வேர்தான்: பயந்து விலகிப்போகச் செய்வது. டெரிஃபிக் என்ற பிள்ளை மட்டும் நாளடைவில் ‘பிரமாதம்’ என்ற பொருளுக்கு மாறிவிட்டது. நாம் ‘படம் பயங்கரமா இருக்கு’, ‘மிரட்டல் நடிப்பு’ என்று பாராட்டுவதுபோல. ஆகவே டெரிஃபையிங், டெரிஃபிக் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கடிதத்தில் எல்லாவற்றுக்கும் டெரிஃபை போட்டால், உண்மையிலேயே குலைநடுங்கிய ஒரு சம்பவத்தைச் சொல்ல வரும்போது சொல் மிச்சமிருக்காது.

பிளாக்மெயில்

ஒரு படத்தையோ ரகசியத்தையோ கையில் வைத்துக்கொண்டு, கொடு, இல்லாவிட்டால் வெளியிடுவேன் என்றால் மட்டும். மெயில் என்பது இங்கே தபால் அல்ல. ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் வாரத்துக்கும் வரிக்கும் இருந்த பழைய சொல். கொள்ளைக்காரர்கள் ‘உன்னைத் தொடமாட்டேன்’ என்று வசூலித்த பணம்தான் முதலில் பிளாக்மெயில். வீட்டில் பாட்டி சாப்பிடாமல் இருந்து காரியம் சாதிப்பதை எமோஷனல் பிளாக்மெயில் என்று பேச்சில் சொல்லலாம், மனுவில் எழுதக் கூடாது. பணம் பறித்திருந்தால் சட்டத்தில் அதற்கு எக்ஸ்டார்ஷன் என்று பெயர், சன்ஹிதாவில் 308ஆம் பிரிவு.

டான்ட்

ஆள் இல்லை, வேலைதான் பயமுறுத்துகிறது என்றால் இது. லத்தீனில் விலங்கைப் பழக்கி அடக்குவதைக் குறித்த சொல்லின் வழித்தோன்றல். நேர்காணலில் ‘அந்தப் பணி இன்டிமிடேட்டிங்காக இருந்தது’ என்பதைவிட ‘டான்டிங்’ என்பது நன்றாக ஒலிக்கும். மலைத்தேன், ஆனால் இறங்கினேன் என்ற தொனி அதில் இருக்கிறது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிறவர்களுக்கு

எதிர்த்திசையில் மொழிபெயர்ப்பவர்களுக்கும் இதே சிக்கல். இன்டிமிடேட் என்றதும் கை ‘அச்சுறுத்து’ என்பதற்குப் போகும். நான் அதைத் தவிர்க்கிறேன். புயல் அச்சுறுத்தல், உயிருக்கு அச்சுறுத்தல் என்று செய்தி நடையில் அது ஆபத்து என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. அதில் ஆளின் முகம் தெரிவதில்லை. ‘உருட்டி மிரட்டி’ என்ற நம் வழக்கில் முகம் தெரிகிறது. கண்ணை உருட்டுவது பேச்சில்லாத பகுதி, மிரட்டுவது பேச்சுள்ள பகுதி. இன்டிமிடேட்டின் இரண்டு பாதியும் அதில் அடங்கும். ‘உருட்டல் மிரட்டலுக்குப் பணியமாட்டோம்’ என்று மேடையில் கேட்டிருப்பீர்கள். ‘பணியமாட்டோம்’ என்பதும் கூடவே வருவதைப் பாருங்கள்.

ஈழத்தமிழில் ‘வெருட்டு’ இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘அவன் சும்மா வெருட்டுறான்’ என்பார்கள். தமிழ்நாட்டில் பேச்சிலிருந்து அது ஏறக்குறைய போய்விட்டது வருத்தம்தான். திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரே ‘வெருவந்த செய்யாமை’. ஆள்பவன் குடிகள் அஞ்சும்படி நடக்கக் கூடாது என்று பத்துக் குறள், 561 முதல் 570 வரை. அதிகாரத்தில் இருப்பவர் எளியவரை இன்டிமிடேட் செய்வதற்கு நம்மிடம் இவ்வளவு பழைய சொல் இருக்கிறது. ஈழத்து வாசகர்களுக்கு எழுதும்போது நான் வெருட்டையே போடுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். த்ரெட்டன் ஓர் இடத்திலும் இல்லை. இன்டிமிடேட் ஒரே ஒரு முறை, முதல் பத்தியில். அதற்குக் கீழே எட்டு வரி, எட்டுத் தேதி. வந்த நேரம், போன நேரம், வீட்டில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்பது. அட்வான்ஸ் கேட்ட தேதி அந்த எட்டுக்கும் மேலே தனியாக. தமிழில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அந்தச் சாவி சத்தத்தையும் போட்டிருங்க, சின்னவ இப்பவும் அந்தச் சத்தம் கேட்டா எந்திரிச்சு உள்ள ஓடிடுறா” என்றார். ஒன்பதாவது வரியாக அதைச் சேர்த்தேன். அந்த வரிக்கு ஸ்கேர் போதுமானதாக இருந்தது.